துருவிக் கரைத்த சோப்பு ஏன் கொழகொழவென்று ஆகிறது? வீட்டில் ஹேண்ட்வாஷ் செய்ய வழி என்ன?

குளிக்கும் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து ஹேண்ட்வாஷ் செய்தீர்கள். முதல் நாள் நன்றாக இருந்தது, மறுநாள் சளி மாதிரி இழுபட்டது, இரண்டு வாரத்தில் வாடை வந்துவிட்டது. எங்கே தப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் தோலுக்கு மென்மையாகுமா, ரசாயனம் இல்லாமல் செய்ய முடியுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கட்டி சோப்போடு தண்ணீர் சேர்ந்தால் அது திரவ சோப்பு ஆகிவிடாதா? ஆகாது. ஏன் ஆகாது என்பது தெரிந்துவிட்டால் மற்ற பதில்கள் தாமாகவே வந்துவிடும்.

நான் வேதியியல் படித்தவன். சில ஆண்டுகள் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன், பிறகு பல ஆண்டுகளாக வீட்டுக்கும் நண்பர்களுக்கும் செய்து வருகிறேன். கீழே வேதியியலாகச் சொல்பவை பாடப்புத்தகத்தில் உள்ளவை, அவற்றில் ஐயம் இல்லை. எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது போன்றவை அனுபவத்திலிருந்து வருபவை. உங்கள் வீட்டில் அது கொஞ்சம் மாறலாம். கையில் ஏற்கெனவே சிரங்கோ வெடிப்போ இருந்தால் தோல் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், அது என் துறை அல்ல.

முதலில் அந்தக் கொழகொழப்பு. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. கட்டி சோப்புக்குப் போடும் காரம் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. இதில் உருவாகும் சோடியம் சோப்பு வெந்நீரில் நன்றாகவே கரையும். அதனால்தான் அடுப்பிலிருந்து இறக்கியதும் பார்க்க அழகாக இருந்தது. ஆறும்போது, குறிப்பாகக் கட்டியைக் கெட்டியாக வைத்திருக்கும் ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்களின் உப்புகள், மெல்லிய இழைகளாகப் படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்த வலைக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் சோப்பே இப்படி உறைய வைக்கப் போதும். ஆகவே நீங்கள் அளவில் தப்புச் செய்யவில்லை, அந்தப் பொருளின் குணமே அதுதான். இன்னும் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப்போய் அடியில் வெள்ளையாகப் படியும். மிக்சியில் அடித்தால் வலை அறுந்து சில நாள் லோஷன் போல நிற்கும், பிறகு பழையபடி திரண்டுவிடும். கிளிசரின் சேர்த்தால் சரியாகும் என்று பலர் எழுதுகிறார்கள். கை உலராமல் இருக்க அது கொஞ்சம் உதவும், ஆனால் அந்த வலையை அது அவிழ்க்காது.

திரவ சோப்புக்கு வேண்டிய காரம் வேறு: காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. பொட்டாசியம் சோப்பு தண்ணீரில் மிக எளிதாகக் கரையும், ஆறினாலும் படிகமாகத் திரளாது. பழைய காலத்தில் விறகுச் சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்த காரநீரில் பொட்டாசியம் உப்புதான் அதிகம். அதனால் அந்தச் சாம்பல் நீரில் செய்த சோப்பு கட்டியாக இறுகாமல் களி மாதிரியே இருந்தது. அந்த நீரைப் பானையில் வற்றவைத்து எடுத்த சாம்பல் உப்புக்கு ஆங்கிலத்தில் ‘பானைச் சாம்பல்’ என்ற பொருளில் பொட்டாஷ் என்று பெயர். 1807ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காஸ்டிக் பொட்டாஷில் மின்சாரம் செலுத்திப் பிரித்தெடுத்த உலோகத்துக்குப் பொட்டாசியம் என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஆக, உங்களுக்கு வேண்டிய திரவ சோப்பு கட்டி சோப்பின் நீர்த்த வடிவம் அல்ல, அதற்கும் மூத்த சொந்தக்காரர்.

இனி வாடை. கட்டி சோப்பில் தண்ணீர் மிகக் குறைவு, கிருமி வளர அங்கே இடமில்லை. அதையே நீங்கள் கரைத்ததும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராகிவிட்டது. சோப்பின் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம்) 9க்கு மேல் இருப்பதால் பல கிருமிகள் அதில் தாக்குப்பிடிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எல்லாக் கிருமிகளும் அப்படி இல்லை. சூடோமோனாஸ், செராஷியா போன்ற பாக்டீரியாக்கள் சோப்புக் குப்பிகளுக்குள்ளேயே குடியேறியதை மருத்துவமனைகளில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2002ல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட கைகழுவல் வழிகாட்டியில், பாதி காலியான சோப்புக் குப்பியில் மேலே ஊற்றி நிரப்பக் கூடாது என்று சொன்னது இதனால்தான். வாடையில் இரண்டு வகை உண்டு. பழைய எண்ணெய் போன்ற சிக்கு வாடை என்றால் கொழுப்பு காற்றுபட்டுக் கெட்டது. அழுகல் வாடை, புளித்த வாடை, நிறமாற்றம், மேலே பூஞ்சை என்றால் அது கிருமி. கண்ணுக்கும் மூக்குக்கும் எதுவும் தெரியவில்லை என்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்க நம்பகமான வழியும் இல்லை.

துருவும் முறையையே தொடர விரும்பினால் ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும், காய்ச்சிய நீரில் செய்யுங்கள். தீர்ந்த பிறகு குப்பியையும் பம்பையும் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகுதான் அடுத்த முறை நிரப்ப வேண்டும். என்னைக் கேட்டால், இவ்வளவு சிரமப்படுவதைவிட அந்தக் கட்டியை நீர் வடியும் தட்டில் வைத்து அப்படியே கை கழுவுவது மேல். செலவும் குறைவு, கெடவும் கெடாது.

அப்படியில்லை, உண்மையான திரவ சோப்பே செய்து பார்க்க வேண்டும் என்றால் பொட்டாஷ் வழிதான். கடினம் இல்லை, ஆனால் விளையாட்டும் இல்லை. காஸ்டிக் பொட்டாஷ் தோலையும் கண்ணையும் அரிக்கும். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்தப் பக்கம் வராத நேரம் பாருங்கள். எப்போதும் தண்ணீரில்தான் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாத்திரம் துருப்பிடிக்காத எஃகு அல்லது தடித்த பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். அலுமினியம் வேண்டவே வேண்டாம். தொடக்க நாட்களில் நான் யோசிக்காமல் ஒரு அலுமினியக் கரண்டியை விட்டேன். புசுபுசுவென்று பொங்கி, கரண்டி கறுத்து அரிபட்டுப் போனது. அந்தப் பொங்கல் ஹைட்ரஜன் வாயு, தீப்பிடிக்கக் கூடியது. மேலே சிந்திவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகரைத் தேடி ஓடாதீர்கள், அது சூட்டைக் கூட்டும், நேரத்தையும் வீணாக்கும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போகும் வழியைப் பாருங்கள்.

கணக்குதான் இதில் முக்கியம். ஒவ்வொரு எண்ணெயும் இத்தனை காரம்தான் வாங்கும் என்று ஓர் எண் உண்டு, சோப்பாதல் எண் என்பார்கள். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.257 கிராம் சுத்தமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும், ஆலிவ் எண்ணெய்க்கு 0.190, விளக்கெண்ணெய்க்கு 0.180. நான் வழக்கமாக எடுப்பது ஆலிவ் 300 கிராம், தேங்காய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். தேங்காய் எண்ணெய் நுரைக்கு. அது கூடினால் கை வறண்டுவிடும். ஆலிவ் மென்மைக்கு. விளக்கெண்ணெய் கொஞ்சம் சேர்ந்தால் சோப்பு தெளிவாகக் கரைகிறது. இந்த 500 கிராமுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 104.5 கிராம் வரும். ஆனால் விற்பனைக்கு வரும் பொட்டாஷ் செதில்கள் பெரும்பாலும் 90 சதவீதச் சுத்தம்தான், மீதி ஈரம். எனவே 0.9ஆல் வகுத்தால் 116 கிராம். கொஞ்சம் எண்ணெய் மீந்து நிற்பதே தோலுக்குப் பாதுகாப்பு என்பதால் 2 சதவீதம் குறைத்து 114 கிராம் எடுக்கிறேன். அதற்கு மேல் குறைத்தால் மீந்த எண்ணெய் மேலே மிதக்கும், சோப்பும் கலங்கிவிடும். உங்கள் பொட்டலத்தில் சுத்தம் வேறாகப் போட்டிருந்தால் அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். திறந்து பல மாதம் ஆன பொட்டலத்தை நம்பாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சி வலுவிழந்திருக்கும். எல்லாவற்றையும் எடையால் அளக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ அல்ல, சுமார் 920 கிராம்தான். டம்ளர் கணக்கில் சொல்லும் செய்முறைகளைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

114 கிராம் காரத்தை 340 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மிதமாகச் சூடாக்கிய எண்ணெயில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும். கைக்கலப்பான் இருந்தால் வேலை சுளுவு. முதலில் பிரிந்து பிரிந்து நிற்கும், இது சேரவே சேராது என்று தோன்றும். விட்டுவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் கஞ்சிப் பதம், பிறகு கரண்டி திரும்ப மறுக்கும் பிசின் பதம். அதற்குப் பிறகு வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, சிறு தீயில் மூன்று நான்கு மணி நேரம் மூடி வேகவிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை கிளறினால் போதும். வெள்ளையாக இருந்த களி மெல்ல மெல்ல வாசலின் மாதிரி ஒளி ஊடுருவும் பசையாக மாறுவதைப் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு இன்றும் அலுக்காத கட்டம் இதுதான்.

வெந்ததா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் பசையை இரண்டு ஸ்பூன் சூடான காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். தெளிந்த தேநீர் போல இருந்தால் எண்ணெய் முழுக்கச் சோப்பாகிவிட்டது. பால் கலந்தது போல இருந்தால் இன்னும் வேக வேண்டும், அல்லது அளவில் பிழை. இந்தச் சோதனைக்குக் குழாய் நீரை எடுக்காதீர்கள். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகப் படியும், நன்றாக வெந்த சோப்பும் கலங்கலாகத் தெரியும். காரம் மீந்திருக்கிறதா என்பதற்கு அதே கரைசலில், காரம் பட்டால் நிறம் மாறும் பினால்ப்தலீன் கரைசல் ஒரு சொட்டு விடலாம். வெளிறிய ரோஜா நிறம் இயல்புதான், சோப்பே காரத்தன்மை உடையதாயிற்றே. அடர்ந்த மெஜந்தா வந்தால் காரம் மீந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் வேகவிட்டு மறுபடி பாருங்கள். பரிசோதனைக் கூடத்தில் இதை ஆல்கஹாலில் கரைத்துத் துல்லியமாக அளப்போம். வீட்டில் இந்த நிறச் சோதனை ஓரளவுக்குத்தான். நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நான் செய்வதில்லை, சொல்வதும் இல்லை.

வெந்த பசையில் சுமார் 1.2 லிட்டர் சூடான காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, மூடி, ஓரிரவு விட்டால் தானே கரைந்துவிடும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு லிட்டர் கிடைக்கும். மறுநாள் மேலே பாலாடை மாதிரி படிந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள், 50 மில்லி போலச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒன்றிரண்டு வாரம் அசையாமல் வைத்தால் கலங்கல் அடியில் தங்கி மேலே தேன் நிறத்தில் தெளியும். கடைச் சரக்கு போலக் கெட்டியாக இருக்காது, ஓடும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கெட்டித்தன்மைக்கும் கழுவும் திறனுக்கும் தொடர்பில்லை. நுரையாக வெளிவிடும் பம்பு குப்பி வாங்கி, ஒரு பங்கு சோப்புக்கு ஒரு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து ஊற்றினால் இந்த ஓட்டமே வசதி. நீங்கள் செய்த கொழகொழப்பை மட்டும் அந்தப் பம்பில் ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

இப்போது எலுமிச்சை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, சோப்பு காரத்தன்மை உள்ளது, ஆகவே எலுமிச்சை பிழிந்து பிஎச்சை 5.5க்குக் கொண்டுவந்தால் மென்மையாகிவிடும் என்று படித்திருப்பீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோப்பு சோப்பாக இருப்பதே அந்தக் காரத்தன்மையில்தான். அமிலம் விட்டால் பால் திரிவது போலத் திரிந்துவிடும். சோப்பு உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாக மேலே மிதக்கும். நுரையும் போகும், கழுவும் திறனும் போகும். பிஎச் 9க்குக் கீழே இறங்கும்போதே கலங்கத் தொடங்கிவிடும். 5.5 பிஎச் உள்ள சோப்பு என்று யாராவது சொன்னால், அது வேதியியல் கணக்கில் சோப்பே அல்ல, செயற்கைச் சலவைப் பொருளில் செய்தது. தவிர, சாற்றிலுள்ள சர்க்கரையும் நாரும் கிருமிகளுக்கு விருந்து. வேப்பிலை, கற்றாழை, பழத்தோல் ஊறிய நீர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். குப்பியில் போகும் ஒவ்வொரு இலைச்சாறும் அதன் ஆயுளைக் குறைக்கிறது.

கெடாமல் காக்கும் பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. உணவில் போடும் சோடியம் பென்சோயேட்டையே இதிலும் போடலாமே என்பார்கள். அது அமிலச் சூழலில், சுமார் பிஎச் 5க்குக் கீழேதான் வேலை செய்யும். சோப்பில் போடுவதும் போடாததும் ஒன்று. உணவில் போடும் இன்னொரு காப்புப் பொருளான பொட்டாசியம் சார்பேட்டுக்கும் அதே கதி. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடையைத் தள்ளிப்போடுமே தவிர, கிருமியை ஒன்றும் செய்யாது. வாசனை எண்ணெய்களும் நாம் போடும் அளவில் காப்பாற்றாது, சிலருக்கு அரிப்புதான் கொடுக்கும். பினாக்சி எத்தனால் என்ற காப்புப் பொருள் காரத்திலும் தாக்குப்பிடிக்கும். ஐரோப்பிய விதிப்படி அழகுசாதனப் பொருட்களில் அதன் உச்ச வரம்பு 1 சதவீதம். நான் பசையை நீர்க்காமலேயே காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வேண்டிய அளவுக்குக் கரைத்துக்கொள்கிறேன். பசையில் தண்ணீர் குறைவு, அது நெடுநாள் நிற்கிறது. சேர்க்கைப் பொருள் எதுவும் இல்லாமல் எனக்கு ஒத்துவந்த வழி இது.

ரசாயனம் இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: முடியாது. எண்ணெயையும் காரத்தையும் சேர்ப்பதே ஒரு ரசாயன வினை, சாம்பல் நீரில் செய்தாலும் அப்படித்தான். நீங்கள் தவிர்க்க நினைப்பது எஸ்எல்இஎஸ் (சோடியம் லாரத் சல்பேட்) போன்ற செயற்கைச் சலவைப் பொருட்களை என்றால், மேலே சொன்ன சோப்பில் அவை இல்லை. ஆனால் அவை விஷம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. எஸ்எல்இஎஸ்ஸோடு கோகோ அமிடோபுரோப்பைல் பீட்டெய்ன் என்ற மென்மையான சலவைப் பொருளையும் சேர்த்துச் செய்யும் ஹேண்ட்வாஷ் கடின நீரிலும் நுரைக்கும், பிஎச்சைத் தோலுக்கு ஏற்ப 5.5க்குக் குறைக்கலாம், உப்புப் போட்டே கெட்டியாக்கலாம், அந்தப் பிஎச்சில் காப்புப் பொருட்களும் ஒழுங்காக வேலை செய்யும். உப்புக்கு மட்டும் ஓர் எல்லை உண்டு, ஓர் அளவுக்கு மேல் போனால் கெட்டியானது திடீரென்று தண்ணீராகிவிடும். சோப்பில் கை எரிகிறது, வறள்கிறது என்பவர்களுக்கு இந்த வகைதான் பல நேரம் ஒத்துப்போகிறது.

கிருமிநாசினி எதையாவது சேர்க்க வேண்டுமா என்ற எண்ணமும் உங்களுக்கு இருக்கலாம். வேண்டாம். 2016ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பான் உட்பட 19 பொருட்களை வீட்டு உபயோகக் கைகழுவல் சோப்புகளில் போடக் கூடாது என்று விலக்கியது. வெறும் சோப்பையும் தண்ணீரையும்விட அவை மேல் என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். 20 நொடி தேய்ப்பதும் ஓடும் நீரில் அலசுவதும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. சோப்பு அழுக்கையும் கிருமியையும் தோலிலிருந்து பெயர்த்து எடுக்கிறது, கொழுப்பு உறை கொண்ட வைரஸ்களின் உறையையும் சிதைக்கிறது.

இப்போது கையில் இருக்கும் அந்தக் குப்பிக்கு வருகிறேன். வாடை வந்ததைக் காய்ச்சியோ வாசனை சேர்த்தோ மீட்க முயலாமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கழிவறையில் ஊற்றிவிடுங்கள். குப்பியை வெந்நீரில் கழுவுங்கள். பம்பின் குழாயில் வெந்நீரைப் பலமுறை அழுத்தி வெளியேற்றுங்கள், உள்ளே இருக்கும் சிறு குண்டுக்குப் பின்னால்தான் பழைய சளி ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் பிரித்துக் கவிழ்த்து இரண்டு நாள் காயவிடுங்கள். துருவாமல் மிச்சம் வைத்த கட்டி இருந்தால் அதைக் குளிக்கவே வைத்துக்கொள்ளுங்கள்.